விமானிப் பயிற்சிக்குக் காசு கட்டுமுன்: வன்னிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விமானிப் பயிற்சி விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். பேஸ்புக்கில் வரும், வட்ஸ்அப் குழுக்களில் வரும், சில வேளை மண்டபம் எடுத்து இலவசக் கருத்தரங்கும் நடக்கும். வானத்தில் பறக்க ஆசைப்படுவது நல்ல ஆசை. அதை விடச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் இந்தப் படிப்புக்கு ஆகும் செலவு, எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் காணி உறுதியை வங்கியில் வைக்கிற அளவுக்குப் பெரியது. ஆகவே முதல் ரூபாயைக் கட்டுவதற்கு முன்னரே, இந்தப் பாடசாலைகளை மேற்பார்வை செய்வது யார், அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பலர் யோசிக்காமல் விடுவது அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். விமானத்துறை அதிகாரசபை ஒரு பாடசாலைக்குக் கொடுக்கும் அங்கீகாரம் பாதுகாப்பையும் பயிற்சியின் தரத்தையும் பற்றியது. நீங்கள் கட்டிய காசுக்கு அது பிணை நிற்பதில்லை. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, காசைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அங்கீகாரம் கொடுப்பது யார்?

1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் கீழ் உருவான சர்வதேச சிவில் விமான அமைப்பு, அதாவது ஐ.சி.ஏ.ஓ., கனடாவின் மொன்றியல் நகரில் இயங்குகிறது. விமானிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதற்கான குறைந்தபட்ச நியமங்களை அதன் முதலாவது இணைப்பு வகுக்கிறது. அந்த நியமங்களைத் தன் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பாடசாலைகளைச் சோதித்து, அங்கீகாரம் கொடுப்பதும் பறிப்பதும் அந்தந்த நாட்டின் வேலை. இலங்கையில் அந்த வேலை சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு உரியது. 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்த அதிகாரசபையின் தலைமையகம் கட்டுநாயக்கவில் இருக்கிறது. இப்போது நடைமுறையில் உள்ள பிரதான சட்டம் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டம்.

இது விளங்கினால் விளம்பரங்களில் பாதி தானாகவே தெளிந்துவிடும். "ஐ.சி.ஏ.ஓ. அங்கீகாரம் பெற்ற பாடசாலை" என்று போட்டிருந்தால் கவனம்: விமானி அனுமதிப்பத்திரப் பயிற்சிக்கு ஐ.சி.ஏ.ஓ. எந்தப் பாடசாலைக்கும் நேரடியாக அங்கீகாரம் வழங்குவதில்லை. ஐயாட்டாவின் சின்னம் இருந்தால், அது விமானக் கம்பனிகளின் சங்கம்; டிக்கட் வழங்கல், சரக்குக் கையாளல் போன்ற பாடநெறிகளுக்கு அதன் சான்றிதழ் பெறுமதியானது, விமானி ஆவதற்கு அல்ல. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கிறோம் என்பார்கள். அது ஒரு தொழிற்பயிற்சி நிறுவனமாகப் பதிந்திருப்பதை மட்டுமே காட்டும். கம்பனிப் பதிவுச் சான்றிதழுக்கு அந்த அளவு பெறுமதியும் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்ட டிப்ளோமாவும் அப்படித்தான். இவற்றில் எதுவுமே பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றில் எதை வைத்தும் பிள்ளை விமானம் ஓட்ட முடியாது.

முதலில் மருத்துவப் பரிசோதனை

பாடசாலை தேடுவதற்கு முன்னரே இதைச் செய்யுங்கள். தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு, அதாவது பீ.பீ.எல்.லுக்கு, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் போதும். சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் சீ.பீ.எல்.லுக்கு முதலாம் வகுப்பு வேண்டும். நோக்கம் சீ.பீ.எல். என்றால் ஆரம்பத்திலேயே முதலாம் வகுப்புப் பரிசோதனையைச் செய்துவிடுவது நல்லது. அதிகாரசபை நியமித்த டொக்டரிடம் மட்டும் செய்ய வேண்டும்; ஊர் டொக்டரின் கடிதம் செல்லாது. நிறக்குருடு இருப்பது பலருக்கு அந்த அறையில்தான் முதன்முதல் தெரியவருகிறது. இலட்சக்கணக்கில் கட்டிய பிறகு அது தெரியவருவதை விட இது எவ்வளவோ மேல்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2009க்கு முன் பிறந்த சிலரின் உடம்பில் போரில் பட்ட செல் துண்டு இன்றும் இருக்கிறது. சிலருக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. இதை மறைக்க வேண்டாம். செல் துண்டு இருப்பது மட்டுமே தகுதியிழப்பு ஆகிவிடாது. அது எங்கே இருக்கிறது, என்ன பாதிப்பைத் தருகிறது என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். காதுக்கு அளவுகோல் இருக்கிறது: ஐ.சி.ஏ.ஓ. நியமப்படி முதலாம் வகுப்பில் 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் ஒலிகளில் கேட்கும் திறன் குறைவு 35 டெசிபெலையும், 3000 ஹேர்ட்ஸில் 50 டெசிபெலையும் தாண்டக் கூடாது. அதற்கு மேலே போனாலும் உடனே கதவு மூடிவிடாது, மேலதிகச் சோதனைகள் உண்டு. ஆனால் படிவத்தில் பொய் எழுதி, அது பிறகு வெளியே வந்தால், உடல்நிலை காரணமாக இழக்காத அனுமதிப்பத்திரத்தைப் பொய் காரணமாக இழப்பீர்கள்.

மருத்துவத்தோடு ஆங்கிலத்தையும் சேர்த்து யோசியுங்கள். சர்வதேசப் பறப்புக்கு ஐ.சி.ஏ.ஓ. அளவீட்டில் குறைந்தது நான்காம் மட்ட ஆங்கிலம் வேண்டும். மொத்தம் ஆறு மட்டங்கள். நான்காம் மட்டத்தை மூன்று வருடத்துக்கு ஒரு தடவையும், ஐந்தாம் மட்டத்தை ஆறு வருடத்துக்கு ஒரு தடவையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ.வின் பரிந்துரை. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு இலக்கணத்தை விட, இரைச்சலுக்கு நடுவே கேட்டதை உடனே திருப்பிச் சொல்வதுதான் கஷ்டம். இதற்குப் பயிற்சிக் கட்டணம் கட்டத் தேவையில்லை. விமானக் கட்டுப்பாட்டு உரையாடல்களைக் கேட்டு, நிறுத்தி, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். பரீட்சைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்பதால் இந்த உழைப்பு வீண்போகாது.

அங்கீகாரப் பத்திரத்தைப் படிப்பது எப்படி?

அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனங்களின் விபரம் அதிகாரசபையின் இணையத்தளத்தில் இருக்கும். பாடசாலை சொல்வதை அங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு கம்பனிகள் இருப்பது புதினமல்ல. பிறகு பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது முதல் பக்கம் மட்டும்தான். எந்தெந்தப் பயிற்சிக்கு அனுமதி என்று எழுதிய இணைப்புப் பக்கம் பின்னால் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பக்கம்.

வவுனியா - முல்லைத்தீவு பெர்மிட் உள்ள பஸ் கொழும்புக்கு ஆள் ஏற்ற முடியாது. அங்கீகாரமும் அப்படித்தான். தரைப் பாடங்களுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் பறத்தல் பயிற்சி கொடுக்க முடியாது. பீ.பீ.எல்.லுக்கு மட்டும் பெற்றவர்கள் சீ.பீ.எல். பாடநெறியை விற்க முடியாது. ஆகவே பத்திரத்தில் நான்கு விடயங்களைத் தேடுங்கள்: எந்தப் பாடநெறிகள், எந்த விமான வகைகள், எந்தத் தளத்தில், எந்தத் திகதி வரை. திகதி முடிந்து "புதுப்பித்தல் நடந்துகொண்டிருக்கிறது" என்று சொன்னால், புதுப்பித்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழும்புங்கள்.

தளத்தைப் பற்றிக் கேட்பது எங்களுக்கு முக்கியம். வவுனியா, இரணைமடு ஓடுபாதைகள் இரண்டும் விமானப்படைத் தளங்கள். வன்னியில் வகுப்பு நடத்துகிறோம் என்று வருகிறவர்கள், விமானம் எங்கே பறக்கும் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். அது கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள இரத்மலானை விமான நிலையம் என்றால் தங்குமிடம், சாப்பாடு, மழை நாட்களில் பறக்காமல் காத்திருக்கும் செலவு எல்லாம் உங்கள் கணக்கில் வரும்.

இந்தப் பத்திரம் சும்மா கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன் சந்திப்பு, முறையான விண்ணப்பம், ஆவணச் சோதனை, நேரில் வந்து பார்க்கும் சோதனை, கடைசியில் அங்கீகாரம் என்று ஐந்து கட்டங்கள் உண்டு. பயிற்சிக் கைநூல், தர உறுதிப்பாட்டு முறை, தகுதியான பயிற்றுநர்கள், மாணவர் பதிவேடுகள், விமானங்களின் பறப்புத் தகுதி எல்லாம் பார்க்கப்படும். கொடுத்த பிறகும் பரிசோதகர்கள் வருவார்கள், சில வேளை சொல்லாமலும் வருவார்கள். பிழை கண்டால் திருத்தத் தவணை கொடுப்பார்கள். பாரதூரமான பிழை என்றால் அங்கீகாரத்தை இடைநிறுத்துவார்கள்.

நேரில் போய்ப் பாருங்கள்

கருத்தரங்கு மண்டபத்தில் முடிவெடுக்க வேண்டாம். யாழ்தேவியில் கோட்டை வரை போய், கரையோரப் பாதை ரயிலில் இரத்மலானையில் இறங்கலாம். பெற்றோரும் போங்கள். போகும் நாள் வேலை நாளாக இருக்கட்டும்.

அங்கே "எத்தனை விமானம் இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு எத்தனை பறக்கும் நிலையில் இருக்கிறது, எத்தனை மாணவர்கள் காத்திருக்கிறார்கள்" என்று கேளுங்கள். விமானக் கொட்டகைக்குள் இயந்திரம் கழற்றி நிற்கும் விமானம் விளம்பரத்தில் விமானம்தான். உங்களுக்கு அது மாதக்கணக்கான தாமதம். முழுநேரப் பயிற்றுநர்கள் எத்தனை பேர், பிரதான பறத்தல் பயிற்றுநர் யார், அவர் அன்றைக்கு அங்கே இருக்கிறாரா என்றும் பாருங்கள். கடைசியாகச் சீ.பீ.எல். முடித்த மாணவர் தொடங்கி எவ்வளவு காலத்தில் முடித்தார் என்று, அலுவலகத்தில் அல்ல, வெளியில் நிற்கும் மாணவர்களிடம் கேளுங்கள்.

முடிந்தால் ஒரு விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கட்டாயம் காட்ட வேண்டும் என்றில்லை, ஆனால் நல்ல பாடசாலை தயங்காது. பக்கத்தின் மேலே 4ஆர் என்று தொடங்கும் பதிவு இலக்கம் இருக்கும். இலங்கையில் பதிந்த எல்லா விமானத்துக்கும் அதுதான் தொடக்கம். அதன் கீழே திகதி, விமானியின் பெயர், இயந்திர மணித்தியாலம், குறைபாடு எழுதும் இடம், அதைத் திருத்திய பொறியியலாளரின் கையொப்பம். குறைபாட்டுப் பகுதி மாதக்கணக்காக வெறுமையாக இருந்தால் சந்தோசப்பட வேண்டாம். பயிற்சி விமானத்தில் சில்லுக் காற்று குறையும், வானொலி இரையும், விளக்கு எரியாது. எதுவுமே எழுதப்படவில்லை என்றால், எழுதும் பழக்கம் அங்கே இல்லை என்றுதான் நான் எடுப்பேன். குறை எழுதி, பக்கத்திலேயே திருத்திய கையொப்பமும் இருக்கிற பதிவேடுதான் நம்பிக்கை தருவது.

மணித்தியாலக் கணக்கு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசும் அனுமதிப்பத்திரமும் இரண்டும் தொங்குவது இதில்தான்.

ஐ.சி.ஏ.ஓ. நியமப்படி பீ.பீ.எல்.லுக்கு 40 மணித்தியாலம் பறக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியில் என்றால் 35. சீ.பீ.எல்.லுக்கு 200, அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியில் 150. இவை குறைந்தபட்சம், நாடுகள் கூட்டலாம். இந்த 50 மணித்தியால வித்தியாசம் அங்கீகாரத்தின் மேல் நிற்கிறது. பாடநெறியின் நடுவில் அங்கீகாரம் இடைநிறுத்தப்பட்டாலோ, நீங்கள் இடையில் வேறு இடத்துக்கு மாறினாலோ, பறந்த மணித்தியாலம் உங்கள் லொக் புத்தகத்தில் இருக்கும், ஆனால் 150 என்ற சலுகை கைவிட்டுப் போகலாம். 50 மணித்தியாலத்தின் விலையைக் கணக்குப் பார்த்தால், பத்திரத்தின் திகதியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று தெரியும்.

ஒரு பறப்புக்கு மூன்று மணிக்கணக்கு ஓடும். லொக் புத்தகத்தில் எழுதுவது, விமானம் பறப்பதற்காக முதன்முதல் அசைந்த நேரத்திலிருந்து பறப்பு முடிந்து கடைசியாக நின்ற நேரம் வரை. ஹொப்ஸ் மானி பொதுவாக இயந்திரம் ஓடும் நேரத்தைக் காட்டும். பல பாடசாலைகள் இதை வைத்துத்தான் காசு எடுக்கும். டக்கோ மானியில் உள்ள கணக்கு இயந்திரச் சுழற்சியை வைத்து ஓடுவது, மெதுவாக ஓடும்போது குறைவாக ஏறும். பராமரிப்பு பெரும்பாலும் இதன்படி. மூன்றும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகத் தேவையும் இல்லை. எந்த மானிக்குக் காசு எடுக்கிறார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் முன்னும் பின்னும் இரண்டு மானிகளின் இலக்கத்தையும் சின்னக் கொப்பியில் குறித்து வையுங்கள். மானியில் தசமத்துக்குப் பின்னால் ஒன்று ஏறினால் ஆறு நிமிடம், ஆறு நிமிடத்துக்கும் விலை உண்டு.

பறக்காத மணித்தியாலத்தை யாராவது எழுதித் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். இந்தியாவில் 2011இல் போலி மதிப்பெண் பத்திரம் காட்டி அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள் பிடிபட்டபோது, விசாரணை பறத்தல் கழகங்கள் வரை போனது. பாகிஸ்தானில் 2020 மே மாதக் கராச்சி விபத்துக்குப் பிறகு, 262 விமானிகளின் அனுமதிப்பத்திரம் சந்தேகத்துக்குரியது என்று அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். அந்த நாட்டின் தேசிய விமான சேவை 2024 நவம்பர் வரை ஐரோப்பாவுக்குப் பறக்க முடியாமல் நின்றது. நேர்மையாகப் படித்த விமானிகளும் அதில் அடிபட்டார்கள். உங்கள் லொக் புத்தகத்தை விமானத்தின் பயணப் பதிவேட்டோடும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பதிவோடும் ஒப்பிட்டால் பொய் வெளியே வந்துவிடும். மாட்டுவது எழுதித் தந்தவர் மட்டுமல்ல, கையொப்பம் வைத்த நீங்களும்தான்.

பாடசாலை வைத்திருக்கும் உங்கள் பயிற்சிப் பதிவுகளுக்கும் ஒவ்வொரு மாதமும் பிரதி எடுங்கள். பயிற்சி முடிந்து குறைந்தது இரண்டு வருடம் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ. நியமம். ஆனால் மூடிப்போன பாடசாலையில் யாரிடம் போய்க் கேட்பது?

காசு

2023இல் பிரித்தானியாவில், முறையான அங்கீகாரத்தோடு இயங்கிய பயிற்சிப் பாடசாலைகளே திடீரென மூடப்பட்டன. முற்பணம் கட்டிய மாணவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். அங்கேயே அப்படி என்றால் இங்கே சொல்லத் தேவையில்லை. முழுத் தொகையையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம். "இன்றைக்குக் கட்டினால் இத்தனை வீதம் கழிவு" என்றால் அந்தக் கழிவு உங்களுக்கு வேண்டாம். முதல் தனிப்பறப்பு வரை, பீ.பீ.எல். வரை என்று கட்டம் கட்டமாகக் கட்டுங்கள். வங்கி மூலம், கம்பனியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால் ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து, மீளளிப்புப் பகுதியைத் தமிழில் சொல்லக் கேளுங்கள். பரீட்சைக் கட்டணம், பரிசோதகர் கட்டணம், எரிபொருள் விலை ஏறினால் யார் கட்டுவது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் படிப்பதென்றால்

கனடாவில் மாமா இருக்கிறார், லண்டனில் சித்தி இருக்கிறார் என்று அங்கே போக நினைப்பவர்கள் பலர். முதல் கேள்வி, எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பது. அனுமதிப்பத்திரம் அதைக் கொடுத்த நாட்டுக்கு உரியது. இங்கே கொண்டுவந்தால் மாற்றுவதற்கு மேலதிகப் பரீட்சைகளும் சோதனைகளும் உண்டு. போவதற்கு முன்னரே எங்கள் அதிகாரசபைக்கு எழுதி, குறித்த நாட்டின் அனுமதிப்பத்திரத்தை மாற்ற என்ன வேண்டும் என்று எழுத்தில் பதில் எடுங்கள்.

கனடாவில் டிரான்ஸ்போர்ட் கனடா பறத்தல் பயிற்சி அலகுகளுக்குத் தனி இயக்கச் சான்றிதழ் கொடுக்கிறது, அதைக் கேளுங்கள். அமெரிக்காவில் பார்ட் 61 என்ற விதியின் கீழ் பாடசாலை அங்கீகாரம் இல்லாமலே ஒரு பயிற்றுநர் சட்டபூர்வமாகப் பயிற்சி கொடுக்கலாம். பார்ட் 141 பாடசாலைகள்தான் அங்கீகாரம் பெற்றவை. அங்கே சீ.பீ.எல்.லுக்கு முதலாவதில் 250 மணித்தியாலம், இரண்டாவதில் 190. பிரித்தானியா 2020 இறுதியோடு ஐரோப்பிய முறையிலிருந்து பிரிந்துவிட்டது. அங்கே எடுக்கும் அனுமதிப்பத்திரம் இப்போது தானாகவே ஐரோப்பிய அனுமதிப்பத்திரம் ஆகாது. பழைய விளம்பரங்களை நம்ப வேண்டாம். இந்தியா 2025இல் பயிற்சிப் பாடசாலைகளைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியது. முதல் பட்டியலில் உயர்ந்த இரண்டு தரங்களும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சென்னைக்கோ வேறெங்கோ போவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

பிரச்சினை வந்தால்

பாதுகாப்புப் பற்றிய முறைப்பாடு, அதாவது குறைபாடுள்ள விமானத்தில் பறக்கச் சொல்வது, பறக்காத மணித்தியாலம் எழுதுவது, அங்கீகாரம் இல்லாத பாடநெறி நடத்துவது எல்லாம் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்குப் போக வேண்டும். திகதி, விமானப் பதிவு இலக்கம், மானி இலக்கம், படம் எல்லாம் சேர்த்து எழுதுங்கள். சின்னக் கொப்பி அப்போது உதவும். காசுப் பிணக்கு என்றால் சட்டத்தரணியிடமோ நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடமோ போங்கள். விமான அதிகாரசபையிடம் காசைத் திருப்பிக் கேட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

தமிழில் எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். அரச நிறுவனத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. ஒரு பாடசாலையின் அங்கீகாரம் பற்றி நேரடியான பதில் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். பாடசாலையின் பதிவுப் பெயர், அங்கீகார இலக்கம், அனுமதிக்கப்பட்ட பாடநெறிகள், முடிவுத் திகதி, அது எப்போதாவது இடைநிறுத்தப்பட்டதா என்று இலக்கமிட்டுக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் அறிவிக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பதில் கையில் வரும்வரை பாடசாலைக்கு முற்பணம் கட்டாதீர்கள்.